ஆஸியா: ஓர் ஒலி, இரு பெயர்கள்

கீழ்பென்னாத்தூரில் ஒருநாள் ஜும்ஆ முடிந்ததும் ஒரு சகோதரர் கலங்கிய முகத்துடன் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், ஏழாம் நாள் அகீகா கொடுத்து மகளுக்கு ஆஸியா என்று பெயர் வைத்தோம். அது நபியவர்களே மாற்றிய பெயராம். உடனே மாற்றச் சொல்கிறார்கள். மௌத்தாகிவிட்ட என் அம்மாவின் பெயரும் அதுதான். அம்மா பாவப் பெயரோடா வாழ்ந்து போனார்கள்?" என்றார்.

இந்த ஐயம் பல வீடுகளில் உண்டு. எனவே தெளிவாக அறிந்துகொள்வோம்.

ஹதீஸ் உண்மையானதே. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் மகளார் ஒருவருக்கு இருந்த ஆஸியா என்ற பெயரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஜமீலா என மாற்றியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. ஆனால் அப்பெயர் 'ஐன்' எழுத்தில் தொடங்கி, நடுவே 'ஸாத்' வருவது. பொருள், மாறு செய்பவள். பாவத்தைக் குறிக்கும் 'மஃஸியத்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. அடங்காமையை வீரமாகக் கருதிய அறியாமைக் காலத்து அரபிகளுக்கு அது பெருமை. அல்லாஹ்வுக்கு அடிபணியும் முஸ்லிமுக்கு அது பொருந்துமா?

ஃபிர்அவ்னின் மனைவியார் ஆஸியா (அலை) அவர்களின் பெயரோ வேறு. அது 'அலிஃப்' எழுத்தில் தொடங்கி, நடுவே 'ஸீன்' வருவது. அச்சொல்லுக்குத் தூண் என்றும், நோய்க்கு மருந்திடுபவள் என்றும் அரபு அகராதிகள் பொருள் கூறுகின்றன. திருக்குர்ஆன் அவரைப் பெயர் சொல்லாமல் 'ஃபிர்அவ்னின் மனைவி' என்றே குறிப்பிடுகிறது. பெயரை நாம் ஹதீஸ் வழியாக அறிகிறோம். குழந்தை மூஸா (அலை) அவர்களைக் கொல்லவிடாமல் தடுத்தவர் அவர் (28:9). கொடியவனின் அரண்மனையில் இருந்துகொண்டே, சுவனத்தில் தமக்கொரு வீடு வேண்டி இறைஞ்சியவர் (66:11). நிறைநிலை அடைந்த பெண்களாக மர்யம் (அலை) அவர்களோடு இவரையும் நபியவர்கள் கூறியது புகாரியில் உள்ளது.

தமிழில் எழுதும்போது ஐனுக்கும் அலிஃபுக்கும் ஒரே 'ஆ'; ஸாதுக்கும் ஸீனுக்கும் ஒரே 'ஸ'. குழப்பம் இங்கேதான் பிறந்தது.

ஆகவே பெற்றோர்களே! பெயர் சூட்டும் அன்றே அதை அரபி எழுத்திலும் எழுதி வையுங்கள். பள்ளியில் பிள்ளைகள் 'ஆசியா கண்டம்' என்று கேலி செய்தால், அந்தப் பெயருக்குரியவரின் வரலாற்றை மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மறு வாரம் அச்சகோதரர் தம் அம்மா ஓதிவந்த பழைய குர்ஆனைக் கொண்டுவந்தார். முதல் ஏட்டில் அவருடைய பாட்டனார் அரபியில் மகளின் பெயரை எழுதியிருந்தார். நடுவே இருந்தது ஸீன்தான். அல்ஹம்து லில்லாஹ்!