செய்தி சிறிதாக இருக்கட்டும்

மேலகரம்,
தென்காசி.

சிரஞ்சீவி குற்றாலிங்கத்துக்கு மாமாவின் அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. மத்தளம்பாறையில் 2011-ஆம் வருஷம் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்ததிலிருந்து, மென்பொருள் எழுத வேண்டுமானால் சென்னைக்கு ரயில் ஏறியே தீரவேண்டும் என்ற நியதி நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தளர்ந்துவிட்டது. நீயும் ஊரில் இருந்தபடியே குற்றாலத்து விடுதி ஒன்றுக்கு அறைப்பதிவு மென்பொருள் எழுதுவதில் எனக்கு அளவற்ற சந்தோஷம். சீசன் கூட்டத்தில் ஒரு கவுண்டரில் கொடுத்த அறை மற்றொரு கவுண்டரின் திரையில் காலியாகவே தெரிகிறது என்றும், அதற்குப் பரிகாரமாக ஒவ்வொரு திரையும் இரண்டு வினாடிக்கு ஒரு முறை டேட்டாபேஸைக் கேட்கும்படி செய்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். பத்துத் திரைகள் அவ்விதம் கேட்டால் மணிக்கு 18,000 கேள்விகள். யாரும் அறை கேட்டு வராத நடுநிசியிலும் அந்த வீண் பிரயாசை நிற்பதில்லை.

மாறுதல் நேர்ந்த க்ஷணத்தில் டேட்டாபேஸே கூப்பிட்டுச் சொல்லட்டும். நீ உபயோகிக்கும் போஸ்ட்கிரஸில் லிசன், நோட்டிஃபை என்ற இரண்டு கட்டளைகள் இதற்கென்றே இருக்கின்றன. அறைகளின் டேபிளில் ஒரு டிரிகர் வைத்து, அதிலிருந்து ஒரு பெயரில் நோட்டிஃபை செய்தால், அந்தப் பெயரில் லிசன் செய்து காத்திருக்கும் எல்லாத் திரைகளுக்கும் செய்தி போய்விடும். இதில் நான் மிகவும் போற்றும் குணம் ஒன்று உண்டு: டிரான்சாக்‌ஷன் கமிட் ஆகும் வரை அந்தச் செய்தி வெளியே கிளம்புவதில்லை, ரோல்பேக் ஆனாலோ, அது பிறக்கவே இல்லை. ஆகையால் நடவாத காரியத்தை நடந்ததாக ஒருவரும் கேட்க நேராது. ஃபயர்பேர்டு என்ற டேட்டாபேஸின் போஸ்ட் ஈவென்ட் கட்டளையும் இதே தர்மத்தைக் கடைப்பிடிக்கிறது.

இனி, உன் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். 2010-இல் வந்த போஸ்ட்கிரஸ் 9.0 பதிப்பு முதல் நோட்டிஃபையோடு 8,000 பைட்டுக்கு உட்பட்ட வாசகத்தையும் அனுப்பலாம் என்பதால், அறை எண், விருந்தினர் பெயர், வாடகை அனைத்தையும் அதிலேயே வைத்து, திரை அதைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்ளலாமா என்று கேட்கிறாய். வேண்டாம், அப்பா. குற்றாலப் பேரருவியில் பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கும்போது காவலர் ஊதும் விசில், எத்தனை அடி வெள்ளம் என்று சொல்வதில்லை. நிமிர்ந்து பார் என்று மட்டுமே சொல்கிறது. விசில் ஓய்ந்த பிறகு வந்து சேர்ந்தவனுக்கும் அந்த வளைவைப் பார்த்தாலே நிலைமை விளங்கிவிடும். உன் செய்தியும் அந்த அளவில் நிற்கட்டும். அறைகளில் ஏதோ மாறியிருக்கிறது என்று அது சொல்ல, என்ன மாறியது என்பதைத் திரை டேட்டாபேஸிடமே கேட்டு அறியட்டும். ஃபயர்பேர்டில் ஈவென்ட்டின் பெயரும் அது எத்தனை தடவை நேர்ந்தது என்ற எண்ணிக்கையும் தவிர வேறொன்றும் வருவதில்லை. அதைச் சிலர் குறை என்பார்கள், நான் குணம் என்பேன்.

ஏனெனில், செய்தி தவறிப்போவது சகஜம். கனெக்‌ஷன் அறுந்திருந்த நேரத்தில் வந்தவற்றை போஸ்ட்கிரஸ் உனக்காகச் சேமித்து வைத்திருக்காது. லிசன் செய்த கனெக்‌ஷனிலேயே ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டால், அது முடியும் வரை எந்த அறிவிப்பும் வந்து சேராது. கனெக்‌ஷன்களைப் பகிர்ந்தளிக்கும் பிஜிபவுன்ஸரை டிரான்சாக்‌ஷன் முறையில் நடுவே வைத்தால் லிசன் பயன்படாது. அதற்கென்று ஒரு நேரடிக் கனெக்‌ஷனை ஒதுக்கிவிடு. தொடங்கும்போதும், அறுந்து மீண்டும் இணையும்போதும், முதலில் லிசன் செய்து கமிட் செய்துவிட்டு, அப்புறம் அறைகளின் முழு நிலையையும் வாசி. இந்த வரிசையை மாற்றினால், வாசித்ததற்கும் லிசன் செய்ததற்கும் இடையில் நேர்ந்த பதிவு உன் திரைக்கு என்றைக்கும் எட்டாமல் போகலாம். இவ்வளவுக்கும் மேலாக, சில நிமிஷங்களுக்கு ஒரு முறை தானாகவே ஒரு தடவை பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு எவ்வளவு விரைந்து வந்தாலும், இரு கவுண்டர்களில் ஒரே கணத்தில் ஒரே அறையைப் பதிவதை அது தடுக்காது. அறை எண்ணும் தேதியும் சேர்ந்து இரண்டாம் முறை வரக்கூடாது என்ற யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்டை டேபிளிலேயே எழுதிவை. குழந்தை குட்டிகளோடு பிரயாணம் செய்து வந்த குடும்பத்தை, கொடுத்த அறை உங்களுக்கில்லை என்று வாசலில் நிறுத்தும் அவமானம் நம் வேலையால் ஒருவருக்கும் நேரக்கூடாது.

விடுதிக்காரரிடம் ஒப்படைக்குமுன் ஒரு பரீட்சை செய்து பார். ஒரு திரையின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு, மற்றொன்றில் ஐந்து அறைகளைப் பதிந்துவிட்டு, வயரை மறுபடி செருகு. ஒருவரும் கைவைக்காமலே அந்த ஐந்தும் அங்கே சரியாகத் தோன்றுமானால், தைரியமாக ஒப்படைக்கலாம். அக்காளுக்கும் அத்தானுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா