எல்லை தாண்டினால் கட்டணம் இரட்டிப்பா?

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் கோவளம் தொடங்கி சதுரங்கப்பட்டினம் வரை கடலோர ஊர்களில் ஒரு பேச்சு எழும்: "வெளி மாநிலத்துல சீட்டு கிடைச்சா மட்டும் என்ன, நம்மளால கட்டவா முடியும்?" மதிப்பெண் இருந்தும், தரவரிசை இருந்தும், தூரத்துக் கல்லூரிகளின் பெயரை விருப்பப் பட்டியலில் சேர்க்காமலே விட்டுவிடுகிறார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு எடுக்கும் அந்த முடிவு ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. அதனால் சொன்னதெல்லாம் உண்மையா என்று பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: வெளி மாநில அரசுக் கல்லூரியில் நமக்குக் கட்டணம் அதிகம்.

மத்திய அரசின் பொறியியல் நிறுவனங்களில் மாநிலத்தைப் பார்த்துக் கட்டணம் வைப்பதில்லை. திருச்சி என்ஐடியில் பி.டெக். படிக்க ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் என்றால், வாரங்கலிலும் சூரத்கல்லிலும் அதேதான். ஐஐடிகளில் 2 லட்சம். சென்னைக்கும் கவுகாத்திக்கும் வேறுபாடு இல்லை. பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இந்தக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி, 5 லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ஈட்டும் ஒரு சிற்பியின் மகள் என்ஐடியில் கட்ட வேண்டியது ஏறத்தாழ 42 ஆயிரம்தான். விடுதி, உணவு, ரயில் செலவு இதில் அடங்காது. கணக்குப் போட வேண்டியது அந்தச் செலவுகளுக்குத்தான்.

இந்த அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் வெளி மாநில மாணவர்களிடம் மட்டும் தனிக் கட்டணம் வாங்கியதை எதிர்த்து டி.பி. ஜோஷி தொடுத்த வழக்கில், அது செல்லும் என்று 1955-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறந்த இடத்தை வைத்து வேறுபாடு காட்டுவதைத்தான் அரசமைப்பு தடுக்கிறது, வசிக்கும் இடத்தை வைத்து அல்ல என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. ஆகவே மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் கட்டண அட்டவணையைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நம்பிக்கை: தமிழ்நாட்டுப் பிள்ளை எங்கே படித்தாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைதான்.

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது இதுதான். என்ஐடிகளில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவருக்கு. ஆனால் 'சொந்த மாநிலம்' என்று அங்கே கொள்வது ஒருவர் பிளஸ் டூ தேர்வு எழுதிய மாநிலத்தை. பிறந்த ஊரோ, ரேஷன் கார்டோ, பெற்றோரின் மொழியோ கணக்கில் வராது. பயிற்சி மையத்தை நம்பி ஆந்திரத்துக்கோ ராஜஸ்தானின் கோட்டாவுக்கோ போய் அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாமல்லபுரத்து மாணவர், திருச்சி என்ஐடியைப் பொறுத்தவரை வெளி மாநிலத்தவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் புதுச்சேரியில் படித்தாலும் அப்படியே. பதினோராம் வகுப்பில் சேர்க்கும்போது இதை யாரும் பெற்றோரிடம் சொல்வதில்லை.

அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விதி வேறு. எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்தவருக்குச் சிக்கல் இல்லை. வெளியே படித்தவர் இருப்பிடச் சான்று காட்ட வேண்டும்.

நம் வாசலிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் உள்ள 'ஐஐஐடிடிஎம் காஞ்சிபுரம்' என்ற மத்திய நிறுவனத்தில் மாநில ஒதுக்கீடே கிடையாது. கேளம்பாக்கத்துப் பெண்ணும் பீகார் பையனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியிலோ 15 விழுக்காடு இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. பிற மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் அதே கதவு நமக்குத் திறந்திருக்கிறது.

நம்பிக்கை: நிறைய மார்க் எடுத்தால் ஸ்காலர்ஷிப் தானாக வரும்.

தானாக எதுவும் வராது. மத்திய அரசின் தகுதி உதவித்தொகை, வாரியத் தேர்வில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிடைப்பது இளநிலையின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது மாதம் ஆயிரம். விடுதிச் சாப்பாட்டுக்கே போதாது. நம் நாட்டில் பெரிய தொகை பெரும்பாலும் மதிப்பெண்ணைத் தொடர்ந்து வருவதில்லை. வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் தொடர்ந்தே வருகிறது. இதை முன்கூட்டியே அறிந்த குடும்பங்கள் தப்பித்துக்கொள்கின்றன.

நம்பிக்கை: மாநில எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு அரசு கைவிட்டுவிடும்.

பாதி உண்மை. முதல் பட்டதாரி சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் இங்கேயே நின்றுவிடும். வேறு சில உதவிகள் கூடவே வரும். பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை, எந்த மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் வழங்க வேண்டும். ஐஐடி, என்ஐடி, ஐஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கு, பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை தமிழ்நாடு அரசு தருகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி, ஐஐஎஸ்சி, எய்ம்ஸ் போன்றவற்றில் சேர்வோரின் இளநிலைச் செலவு முழுவதையும் ஏற்பதாக 2022 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது.

நம்பிக்கை: சாதிச் சான்று இருக்கிறது, அது போதும்.

மாநில அரசின் சான்றில் மீனவர் மிகப் பிற்படுத்தப்பட்டோர். மத்திய நிறுவனங்களில் அந்தப் பிரிவே இல்லை. அங்கே ஓபிசி ஒன்றுதான். அதற்கு மத்திய அரசின் படிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கிய தனிச் சான்று வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் பொதுப் பிரிவில் தள்ளிவிடுவார்கள்.

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போவோருக்கும் ஒரு சொல். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளி மாநிலத்தவருக்கு உண்மையிலேயே மிக அதிகக் கட்டணம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இளநிலைக்கு அந்தக் கூடுதல் மட்டும் ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டும். ஆனால் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் போட்டி அடிப்படையில் 1,000 டாலர் உதவித்தொகை பெற்றவருக்கு, வெளிநாட்டு மாணவரே ஆனாலும், உள்ளூர்க் கட்டணம் விதிக்க அம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. சின்னத் தொகை என்று விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

இட ஒதுக்கீட்டு ஆணை வந்த சில நாட்களில் பணம் கட்டச் சொல்வார்கள். உதவித்தொகை பல மாதம் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளிக்கு, 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற, ஈடும் ஜாமீனும் கேட்காத பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் இருக்கிறது. பெற்றோரே, ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்துக்குப் போய் வருமானம், இருப்பிடம், ஓபிசி மூன்று சான்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். விருப்பப் பட்டியலைப் பிள்ளைகளே நிரப்பட்டும். தூரத்துக் கல்லூரிகளின் பெயரை அதிலிருந்து அடிக்காதீர்கள்.