ஒளிரும் எழுத்துப் பலகை: முன்பணம் கொடுக்கும் முன்



நமது வட்டியில்லாக் கடனுக்கு விண்ணப்பிக்கும் சகோதரர்கள் பலர் செலவுப் பட்டியலில் 'எல்இடி போர்டு' என்று ஒரே வரியில் எழுதி, எதிரே ஒரு தொகையைப் போட்டுவிடுகிறார்கள். என்ன உயரம், உள்ளே என்ன பொருத்துவார்கள் என்ற விவரம் இருப்பதில்லை. இப்படிச் செய்துதரச் சொல்லிக் கொடுக்கும் ஆர்டரை ஃபிக்ஹில் இஸ்திஸ்னா என்பார்கள். ஹனஃபி மத்ஹபில் இது கூடும். ஷாஃபி மத்ஹபில் ஸலமின் ஷரத்துகளுக்கு உட்பட்டே கூடும். எப்படியாயினும் பொருளின் வகையும் அளவும் தெளிவாக இருந்தாக வேண்டும். எழுத்துப் பலகையில் பணம் போகும் பாகமெல்லாம் எழுத்துக்குள்ளே மறைந்திருப்பதால் இது இன்னும் அவசியம்.

விலையைப் பெரும்பாலும் எழுத்தின் உயரத்தை வைத்து, இன்ச் கணக்கில் சொல்வார்கள். 12 இன்ச் என்றால் 'க'வின் உயரமா, 'கி'யின் மேல் வளைவையும் சேர்த்தா என்று கேளுங்கள். 10 அடி தூரத்துக்கு 1 இன்ச் என்ற பொதுக்கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சரி. ஹ, ஜ, ஷ போன்ற வளைவு நிறைந்த எழுத்துகள் நம் பெயர்களில் அதிகம். அவற்றைச் சிறிதாக வெட்டினால் இரவில் வெறும் வெளிச்சத் திட்டாகத்தான் தெரியும். பெயரை அதே அளவில் காகிதத்தில் அச்சடித்துக் கடை முகப்பில் ஒட்டி, எதிர்ச்சாரியிலிருந்து பாருங்கள். செலவு மிகச் சொற்பம்.

அடுத்து, புள்ளி. 'டெக்ஸ்டைல்ஸ்' என்ற சொல்லில் மட்டும் நான்கு புள்ளிகள். ஒவ்வொன்றும் தனித் துண்டு, தனி ஒயர். ஒன்று அணைந்தால் 'ஸ்' இரவில் 'ஸ' ஆகிவிடும். ஒரு மாட்யூலாவது உள்ளே அடங்கும் அளவுக்குப் புள்ளி பெரிதாக இருக்கட்டும்.

முன்பக்கம் அக்ரிலிக் வைத்த எழுத்தே பெரும்பாலான கடைகளுக்குப் போதும். ஸ்டீல் எழுத்தின் பின்னால் ஒளி கசியும் வகை அழகுதான். ஆனால் பின்சுவர் வெளிர் நிறமாக, பளபளப்பின்றி இருந்தால்தான் எடுபடும்.

மாட்யூல்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் எரிபவை. மின்சாரத்தை மாற்றித்தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது. 1 வாட் மாட்யூல் 80 இருந்தால் 100 வாட் பெட்டி வேண்டும். நனையாத, காற்றோட்டமான, கைக்கெட்டும் இடத்தில் அது இருக்கட்டும். தினம் 5 மணி நேரம் எரித்தாலும் மாதம் சுமார் 12 யூனிட்தான். கரண்ட் செலவுக்குப் பயந்து மட்டமான சரக்கை வாங்க வேண்டியதில்லை. ஆனால் இரும்புச் சட்டத்துக்கு எர்த் இணைப்பும், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம். மழையில் ஷட்டரைத் தொடுபவர் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டு விதிப்படி பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழிக்கு 5:3:2 என்பது அளவு. பிஸ்மில்லாஹ்வைக் கடைக்கு உள்ளே மாட்டுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். வெளிப்பலகை ஒருநாள் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

வாரண்டி மாட்யூலுக்கு மட்டுமா, ஏணி வைத்து ஏறி மாற்றும் கூலிக்கும் சேர்த்தா என்பதையும் எழுதி வாங்குங்கள். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரா பகராவின் 282ஆம் வசனமே கட்டளையிடுகிறது. இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் முதல் போர்டுக்கான கடன் விண்ணப்பத்துடன் இந்த விவரங்கள் அடங்கிய கொட்டேஷனையும் இணைக்க வேண்டும். மாதிரிப் படிவம் அஸருக்குப் பின் அலுவலகத்தில் கிடைக்கும்.