வனமும் ஜனத்தலைவனும்

குடிகளின் கருத்தைக் கேளாது ஆளும் அரசனைக் கொடுங்கோலன் என்கிறோம். குடிகளின் வாக்கைப் பெற்றே பதவியேறிய ஒருவன், ஜனங்கள் என்போர் தானே என்றும், தனக்கு மாறாகப் பேசுவோர் ஜனங்களின் பகைவர் என்றும் சாதிக்கத் தொடங்கினால் அவ்வாட்சியை என்னென்பது? அதனை ஜனரஞ்சக எதேச்சாதிகாரம் எனலாம். அத்தகைய ஆட்சியில் இயற்கைப் பாதுகாப்பு எந்நிலையை அடையும் என்பதை, பிரேசில் நாட்டின் அமேசான் வனத்தைக் கொண்டு ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

காட்டின் நன்மை பல தலைமுறைகளுக்கு மெல்லப் பரவி வருவது. காட்டை அழிப்பதன் இலாபமோ இன்றே சிலர் கையில் சேர்வது. ஆதலின் வனத்தைக் காக்க மூன்று வேண்டும்: அழிவை அளந்து கூறும் விஞ்ஞானம், அதனைத் தடுக்கும் சட்டம், சட்டத்தை நடத்தும் காவல். இம்மூன்றும் தலைவனுடைய விருப்பத்திற்குக் கட்டுப்படாது நின்றாலன்றிப் பயன்படா.

பிரேசிலில் 1964 முதல் 1985 வரை இராணுவத்தார் ஆண்டனர். அமேசான் வனத்தினூடே பெருஞ்சாலைகள் போடப்பட்டதும், குடியேற்றம் ஊக்கப்பட்டதும் அக்காலத்திலேயாம். 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சுற்றுப்புறத்தைக் காத்தல் அரசினர்க்கும் குடிகளுக்கும் கடமையென விதித்து, ஆதிகுடிகளின் நிலவுரிமையையும் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே, காட்டைக் காக்கப் போராடிய இரப்பர்த் தொழிலாளர் தலைவர் சிக்கோ மென்டிஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். ஏட்டில் எழுதிய சட்டம் மட்டும் போதாதென்பதற்கு இது சான்று.

2004ஆம் ஆண்டில் அழிந்த காடு ஏறத்தாழ 27,700 சதுர கிலோமீட்டர். அப்போது சுற்றுப்புற அமைச்சராயிருந்தவர், இரப்பர்த் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த மரீனா சில்வா அம்மையார். அவர் காலத்தில், துணைக்கோள் காட்டும் அழிவை உடனே காவலர்க்கு அறிவித்து, குற்றவாளிகளைத் தண்டிக்கும் திட்டம் ஏற்பட்டது. அவர் 2008இல் பதவி விலகிய பின்னரும் அத்திட்டம் தொடர்ந்தது. 2012இல் அழிவு ஆறிலொரு பங்காகக் குறைந்தது. அதன்பின் அது மீண்டும் சிறிது சிறிதாக ஏறலாயிற்று.

2019 ஜனவரியில் ஜயிர் போல்சனாரோ குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு காடழிவு பெருகுவதைத் தேசிய விண்வெளி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டபோது, அவ்வெண்கள் பொய்யென்றார் அவர். நிலையத்தின் தலைவரும் பௌதிக விஞ்ஞானியுமான ரிக்கார்டோ கல்வாவோ வெளிப்படையாக மறுத்துரைத்தார். ஆகஸ்டு மாதத்தில் பதவி இழந்தார். நார்வேயும் ஜெர்மனியும் பொருளுதவி செய்துவந்த அமேசான் நிதியின் நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டமையால் நிதியும் முடங்கிற்று. 2020 ஏப்ரலில் நடந்த அமைச்சரவைக் கூட்டத்தில், பத்திரிகைகளின் கவனம் கொள்ளைநோயில் இருக்கும்போதே விதிகளைத் தளர்த்திவிட வேண்டுமென்று சுற்றுப்புற அமைச்சரே கூறியது, நீதிமன்றக் கட்டளையால் பின்னர் வெளிவந்தது. 2021இல் அழிந்த காடு 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முந்திய பதினான்காண்டுகளில் அவ்வளவு அழிந்ததில்லை. இங்கே நோக்கத்தக்கது ஒன்று: சட்டம் நீக்கப்படவில்லை, அளப்போரும் காப்போருமே தளர்த்தப்பட்டனர்.

நிற்க. இத்தகைய தலைவருக்கு ஜனங்கள் வாக்களிப்பது ஏன்? காட்டோரத்தில் சிறு நிலத்தை நம்பி வாழும் ஏழை உழவனுடைய துன்பம் பொய்யன்று. அவன் வறுமைக்குக் காடும் காவலனுமே காரணம் என்பதுதான் பொய். அவனுடைய பிழைப்பைப் பற்றிச் சிறிதும் எண்ணாது வனப் பாதுகாப்பைப் பேசுவோர், அப்பொய்க்குத் தாமே இடங்கொடுக்கின்றனர். மேலும், காட்டினுள் வாழும் ஆதிகுடிகளும் ஜனங்களே. ஒரு தலைவனுடைய குரலில் அடங்கிவிடத்தக்க ஒரே ஜனம் எந்நாட்டிலும் இல்லை.

2022 தேர்தலில் போல்சனாரோ தோற்றார். 2023இல் லூலா மீண்டும் தலைவரானார், மரீனா சில்வா அம்மையார் மீண்டும் அமைச்சரானார், நிதி உயிர்பெற்றது, கல்வாவோ தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையை ஏற்றார். 2024இல் அழிவு ஏறத்தாழ 6,300 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. ஆயினும் தேர்தலில் ஆட்சி மாறுவதுபோல எரிந்த வனம் மீள்வதில்லை.

2021ஆம் ஆண்டின் கணக்கு எவ்வாறு தெரிந்தது? தலைவர் நீக்கப்பட்ட பின்னும், அந்நிலையத்து ஊழியர் துணைக்கோட் படங்களை முன்போலவே அளந்து வந்தனர். அக்டோபர் 27 என்று தேதியிட்ட அவர்களுடைய அறிக்கை, கிளாஸ்கோ நகரில் கூடிய உலக மகாநாடு முடிந்த பின்னரே, நவம்பர் 18இல் வெளியிடப்பட்டது. கணக்கைத் தாமதிக்க முடிந்தது, மாற்ற முடியவில்லை. ஆய்வுச்சாலையில் அளத்தலையும் எண்ணுதலையும் பயிலும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக. அளந்ததை அளந்தவாறே கூறுவதும் ஒரு நாட்டுத்தொண்டேயாம்.