அப்பம்மாவுக்கு நித்திரை வரவில்லை

வாசிப்போம்

அப்பம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து நாள்கள் ஆகிவிட்டன. ஓர் இரவுகூட அவர் நன்றாக நித்திரை கொள்ளவில்லை.

எங்கள் வீடு லா கூர்நெவ்வில் இருக்கிறது. சிறிய வீடு. என் அறையை அப்பம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நான் வரவேற்பறையில் 'கிளிக்கிளாக்'கில் படுத்தேன். கிளிக்கிளாக் என்றால் என்னவென்று பிரான்சில் இருக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகலில் சோபா, இரவில் கட்டில். விரிக்கும்போதும் மடிக்கும்போதும் வரும் சத்தமே அதற்குப் பெயராகிவிட்டது. முதல் நாள் அதை விரித்துக் காட்டியபோது அப்பம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

வெள்ளிக்கிழமை இரவு தண்ணீர் குடிக்க எழும்பினேன். என் அறையில் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். கட்டில் வெறுமையாக இருந்தது. அப்பம்மா நிலத்தில் ஒரு சேலையை விரித்து, கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்.

"அப்பம்மா! ஏன் நிலத்தில படுத்திருக்கிறியள்? விழுந்திட்டியளோ?"

"இல்லைப் பிள்ளை. இந்த மெத்தை என்னை விழுங்கப் பாக்குது. திரும்பிப் படுக்கேலாமல் கிடக்கு. தலகணியைப் பார், எவ்வளவு பெரிசு! தலையை வைச்சால் தோளும் சேந்து மேல ஏறுது. கழுத்து நோகுது."

நான் தலையணையைப் பார்த்தேன். பிரான்சில் பல வீடுகளில் இருப்பதுபோல அது சதுரமானது. ஒரு பக்கம் 65 சென்ரிமீற்றர். எனக்கு அது ஒருநாளும் பெரிதாகத் தெரிந்ததில்லை. நான் பிறந்தது முதல் அதில்தானே படுக்கிறேன்.

காலையில் கோப்பி குடிக்கும்போது அப்பம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, குறை நினைக்காதை. ரிக்கெற்றை மாத்து. நான் வாற கிழமை போறன்."

மூன்று மாதம் நிற்பதாக வந்தவர். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

பெரியப்பா மதியம் வந்தார். "வாங்கோணை அம்மா, லாச்சப்பலுக்குப் போய் ஒரு பாய் வாங்குவம்" என்றார். நானும் போனேன்.

7ஆம் இலக்க மெற்றோவில் ஏறி ஸ்டாலின்கிராட்டில் இறங்கினோம். ஸ்டாலின்கிராட் என்பது உருசியாவில் உள்ள ஒரு நகரத்தின் பழைய பெயர். இரண்டாம் உலகப் போரில் அங்கே பெரிய சண்டை நடந்தது. அதன் நினைவாக 1946இல் பாரிசில் இந்த நிலையத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 1961இல் அந்த நகரம் வொல்கோகிராட் என்று பெயர் மாறிவிட்டது. பாரிசில் உள்ள நிலையம் மட்டும் மாறவில்லை!

மேலே வந்தால் தலைக்கு மேல் இரும்புப் பாலம். அதில் 2ஆம் இலக்க மெற்றோ கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. அதில் ஏறினால் லா சப்பல் அடுத்த தரிப்பிடம். ஆனால் பெரியப்பா, "ஒரு தரிப்பிடம்தானே, நடப்பம்" என்றார்.

பாலத்துக்குக் கீழே, ஒரு தூணின் அருகில், மடித்து வைத்த மெத்தை ஒன்று கிடந்தது. அப்பம்மா நின்றுவிட்டார்.

"இது ஆற்றை மெத்தை, மோனை? றோட்டில கிடக்கு."

"வீடில்லாத ஆரோ படுக்கிறது, அம்மா. 2016ஆம் ஆண்டு இந்த இடம் முழுக்கக் கூடாரமும் மெத்தையும்தான். சூடான், ஆப்கானிஸ்தான், எரித்திரியா எண்டு பல நாட்டில இருந்து தப்பி வந்த சனம். நவம்பர் மாதம் ஒருநாள் விடிய பஸ்ஸுகள் வந்து ஏத்திக்கொண்டு போச்சுது. 3,800 பேருக்கு மேல."

"எங்கை கொண்டுபோனவை?"

"வேற வேற தங்குமிடங்களுக்கு."

அப்பம்மா அந்த மெத்தையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஒரு சின்னத் தெருவுக்குள் திரும்பியதும் பெரியப்பா நின்று மேலே கையைக் காட்டினார். பழைய கட்டடம். ஆறாம் மாடி. கூரையோடு ஒட்டியபடி ஒரு சிறிய யன்னல்.

"அம்மா, அந்த யன்னல் தெரியுதோ? 1986இல நான் வந்து இருந்த அறை அதுதான்."

பாரிசில் பழைய கட்டடங்களின் உச்சியில் இப்படிச் சிறிய அறைகள் இருக்கும். முற்காலத்தில் பணக்கார வீடுகளின் வேலைக்காரப் பெண்கள் அவற்றில் தங்கினார்கள். 1983இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நம்மவர்கள் பலர் பல நாடுகளுக்குப் போனார்கள். பிரான்சுக்கு வந்த இளைஞர்கள் பலரும் இப்படிப்பட்ட அறைகளில்தான் கூட்டமாக இருந்தார்கள்.

"தனிய இருந்தனியே?" என்று அப்பம்மா கேட்டார்.

பெரியப்பா சிரித்தார். "தனியவோ! எட்டுப் பேர். மூன்று மெத்தை."

"எட்டுப் பேர் எப்பிடி மூன்று மெத்தையில படுக்கிறது?" என்று நான் கேட்டேன்.

"முறை வைச்சுப் படுக்கிறது, பிள்ளை. நான் ஒரு றெஸ்ரோறன்ரில கோப்பை கழுவினனான். வேலை முடிஞ்சு இரவு ஒரு மணிக்கு வருவன். அப்ப என்ரை இடத்தில இன்னொரு அண்ணை படுத்திருப்பார். அவர் நாலு மணிக்கு எழும்பித் துப்புரவு வேலைக்குப் போவார். அவர் எழும்பினவுடனை நான் படுப்பன். மெத்தை சூடாக் கிடக்கும். மாரியில அது நல்லதுதான்!"

"ஒரு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் என்ன செய்வீங்கள்?"

"சுவரில சாய்ஞ்சுகொண்டு அம்மாவுக்குக் கடிதம் எழுதுவன்."

அப்பம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கடிதங்கள் நீல நிறம். உள்ளே எழுதி, மடித்து, ஒட்டி அனுப்பும் வான்கடிதங்கள். அப்பம்மாவின் அலுமாரியில் அவை இன்னும் இருக்கின்றன. நானே பார்த்திருக்கிறேன்.

"நல்ல கட்டில், நல்ல மெத்தை, நித்திரைக்கு ஒரு குறையும் இல்லை எண்டெல்லோ எழுதினனீ?"

"வேற என்னத்தை எழுதுறது, அம்மா?"

"நான் அதை ஊரெல்லாம் வாசிச்சுக் காட்டினனான். பொய்க்காரன்!"

அப்பம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசாமல் அந்த யன்னலையே பார்த்தார். பிறகு சொன்னார்:

"நானும் எழுதினனான்தானே, வீட்டில சுகமாப் படுக்கிறம் எண்டு. அப்ப செல்லடிக்குப் பயந்து நாங்கள் இரவில பங்கருக்குள்ளை படுத்தனாங்கள். ஈர மண்ணில சாக்கை விரிச்சுப்போட்டு."

"எனக்குத் தெரியாதே, அம்மா!"

"எப்பிடித் தெரியும்? நானும் பொய்தானே எழுதினனான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

லா சப்பலில் கத்தரிக்காய், முருங்கைக்காய், சேலை, நகை எல்லாம் இருந்தன. பன்பாய் மட்டும் இல்லை. மூன்று கடை ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு பிளாஸ்ரிக் பாய் கிடைத்தது. சிவப்பும் பச்சையும் கலந்தது. அப்பம்மா அதைத் தடவிப் பார்த்து, "வழுக்குது. பரவாயில்லை, வாங்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா என் கட்டிலில் இருந்த மெத்தையை எடுத்துவிட்டார். சட்டத்தின் மேல் ஒரு பலகை வைத்தார். அதன்மேல் மடித்த கம்பளி, அதன்மேல் பாய். ஊரில் பாய் ஏன் சுகம் தெரியுமா? வெக்கையான இடத்தில் உடம்புக்குக் காற்றுப் பட வேண்டும். பாயின் இடைவெளிகளுக்குள் காற்றுப் போகும். பாரிசில் குளிர். இங்கே உடம்பின் சூடு வெளியே போகாமல் இருக்க வேண்டும். அதனால்தான் பாயின் கீழே கம்பளி.

தலையணையை அப்பம்மாவே பார்த்துக்கொண்டார். ஓரத் தையலைப் பிரித்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ இருந்தது.

"இது என்ன பஞ்சு, பிள்ளை?"

"அது பஞ்சு இல்லை, அப்பம்மா. பொலியெஸ்ரர்."

"எங்கடை வீட்டில இலவம் பஞ்சுத் தலகணி. கையில பிடிச்சால் பாரமே தெரியாது."

பாதியை வெளியே எடுத்துவிட்டு, தலையணையை நீளமாக மடித்துத் தைத்தார். எடுத்ததை வீசவில்லை. தம்பிக்கு ஒரு குட்டித் தலையணை கிடைத்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணியாகியும் அப்பம்மா எழும்பவில்லை. கதவுக்கு வெளியே வரை குறட்டைச் சத்தம் கேட்டது. அப்பா இரண்டு தரம் வந்து கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனார். ரிக்கெற்றைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

சொல் அறிவோம்

தலைக்கு அணையாக இருப்பது தலையணை. பஞ்சினால் ஆன அணை பஞ்சணை. பிரெஞ்சு மொழியில் தலையணைக்கு 'ஒறெயே' என்று பெயர். அது 'ஒறெய்', அதாவது காது, என்ற சொல்லிலிருந்து வந்தது. நாம் தலையை வைக்கிறோம், பிரெஞ்சுக்காரர் காதை வைக்கிறார்கள்! கட்டிலின் அகலம் முழுவதும் குறுக்கே கிடக்கும் நீண்ட உருளைத் தலையணையையும் சில பிரெஞ்சு வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் 'திறவெர்சன்'. அந்தப் பெயரும் 'குறுக்கே' என்ற பொருளில் வந்ததுதான்.

இலவம் பஞ்சு இலவ மரத்தின் காய்க்குள் இருக்கும். மிகவும் இலேசானது, தண்ணீரில் மிதக்கும். அதனால் முன்பு கப்பல்களில் பயன்பட்ட உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதை அடைத்தார்கள். இலவங்காய் பழுக்கும் என்று கிளி காத்திருந்ததாம். காய் வெடித்தபோது பஞ்சுதான் பறந்ததாம். வீணாகக் காத்திருப்பவரை 'இலவு காத்த கிளி' என்று சொல்வது இதனால்தான்.

பேச்சும் எழுத்தும்

படுத்திருக்கிறியள் – படுத்திருக்கிறீர்கள்
தலகணி – தலையணை
படுக்கேலாமல் – படுக்க முடியாமல்
நடப்பம் – நடப்போம்
ஆற்றை – யாருடைய
எழுதினனான் – நான் எழுதினேன்
எண்டு – என்று

பயிற்சி

1. அப்பம்மாவுக்கு மெத்தையும் தலையணையும் ஏன் பிடிக்கவில்லை? அவருடைய சொற்களிலேயே எழுதுக.

2. எட்டுப் பேர் மூன்று மெத்தைகளில் எப்படிப் படுத்தார்கள்? பெரியப்பா சொன்னதை எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுக.

3. பெரியப்பாவும் அப்பம்மாவும் கடிதத்தில் ஏன் உண்மையை எழுதவில்லை? நீங்கள் பெரியப்பாவாக இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? அந்தக் கடிதத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

4. உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவரிடம், "இந்த நாட்டுக்கு வந்த முதல் இரவு எங்கை படுத்தனீங்கள்? என்ன தலகணி?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பேச்சுத் தமிழிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பில் வாசிப்போம்.