பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குக் கொடுக்கும் வாக்கு

ஜூன் மாதம் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் பரபரப்பு தொடங்கிவிடுகிறது. சீருடை தைக்கக் கொடுப்பதும், பையும் சாப்பாட்டு டப்பாவும் வாங்குவதும், பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுப்பதுமாகப் பெற்றோர் ஓய்வின்றி இருக்கின்றனர். இவையாவும் தேவையானவையே. ஆனால் பைக்குள் வைத்துக் கொடுக்க முடியாத பொருள் ஒன்று உண்டு. உம்மாவும் வாப்பாவும் சொன்னால் சொன்னபடி நடக்கும் என்று பிள்ளை நம் மீது வைத்திருக்கும் நம்பிக்கையே அது. அதைப் பற்றியே இங்கு சிறிது சிந்திப்போம்.

முதல் நாளன்று பள்ளிக்கூட வாசலில் நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். பிள்ளை தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. “அழாதே கண்ணு, உம்மா இங்கேயேதான் நிற்பேன்” என்று சொல்லிவிட்டு, பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியதும் தாய் மெதுவாக நழுவிவிடுகிறாள். “கடைக்குப் போய் மிட்டாய் வாங்கி வருகிறேன்” என்று சொல்லிப் போன வாப்பா மாலை வரை வருவதேயில்லை. அழுகையை நிறுத்த ஒரு சிறு பொய்தானே, இதில் என்ன குற்றம் என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

அபூதாவூத் ஹதீஸ் நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியைக் கவனியுங்கள். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாக இருந்த காலம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்தார்கள். தாயார் மகனைக் கூப்பிட்டு, வந்தால் ஒன்று தருவதாகச் சொன்னார்கள். என்ன தர எண்ணினீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, பேரீச்சம்பழம் தர எண்ணியதாகத் தாயார் கூறினார்கள். ஒன்றும் தராமல் விட்டிருந்தால் அது ஒரு பொய்யாக உம்மீது எழுதப்பட்டிருக்கும் என்று அண்ணலார் எச்சரித்தார்கள். பிள்ளையிடம் சொல்லும் சொல்லுக்கும் கணக்கு உண்டு என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

மார்க்கத்தின் எச்சரிக்கை இப்படியிருக்க, உலக நடப்பிலும் இதன் கேடு தெரிகிறது. ஏமாற்றிவிட்டுச் செல்லப்பட்ட பிள்ளை மறுநாள் இன்னும் இறுக்கமாகத் தாயைப் பற்றிக்கொள்கிறது. வீட்டில்கூட அவள் அடுக்களைக்குப் போனால் பின்னாலேயே ஓடுகிறது. எப்போது மறைந்துவிடுவாளோ என்ற அச்சமே காரணம். இதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. பள்ளியில் யாரேனும் அடித்தாலோ, தகாத முறையில் தொட்டாலோ பிள்ளை நம்மிடம் வந்து சொல்ல வேண்டும். நம் சொல்லை நம்பாத பிள்ளை தன் துன்பத்தை நம்மிடம் எப்படிச் சொல்லும்?

அப்படியானால் என்ன செய்வது? பள்ளி திறப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்தே பின்வருவனவற்றைத் தொடங்கலாம்.

1. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். “அங்கே டீச்சர் இருப்பார். பாட்டுச் சொல்லித் தருவார். உம்மா அங்கே இருக்கமாட்டேன். நீ சாப்பிட்டு முடித்து மணி அடித்ததும் வாசலில் நிற்பேன்” என்று சொல்லலாம். சிறு பிள்ளைக்கு மணிக்கணக்கு தெரியாது. சாப்பாடு, மணியோசை போன்ற அடையாளங்கள்தாம் விளங்கும். ஒருநாள் பள்ளிக்கூடம்வரை கைப்பிடித்து நடத்திச் சென்று வாசலைக் காட்டி வருவதும் நல்லது.

2. பிரிந்து பழக்குங்கள். பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ அரை மணி நேரம் விட்டுச் செல்லுங்கள். போகும்போது ஸலாம் சொல்லிவிட்டே போங்கள். சொன்ன நேரத்தில் திரும்பி வாருங்கள். போனவர் திரும்பி வருவார் என்பதைப் பிள்ளை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

3. தன் வேலையைத் தானே செய்யக் கற்றுக்கொடுங்கள். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது, கால்சட்டையைக் கழற்றி மாட்டுவது, கழுவிச் சுத்தம் செய்துகொள்வது, டப்பாவைத் திறப்பது, தன் பெயரையும் வாப்பா பெயரையும் சொல்வது ஆகியவை எழுத்துகளை அறிவதைவிட முந்தித் தேவைப்படும். உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்கள் சிறுவயதில் உணவுத் தட்டில் கையை அங்குமிங்கும் அலையவிட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தன் பக்கத்திலிருந்து உண்ணவும் கற்றுக்கொடுத்தார்கள். பிழையைத் திட்டாமல் சரியானதைக் காட்டுவதே அவர்கள் கற்பித்த முறை.

4. ஆசிரியரைப் பூச்சாண்டியாக்காதீர்கள். “சாப்பிடாவிட்டால் டீச்சரிடம் சொல்லிவிடுவேன், பிரம்பால் அடிப்பார்”, “ஹஜ்ரத் தோலை உரித்துவிடுவார்” என்று மிரட்டுவதும் பொய்தான். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளிப் பிள்ளைக்கு உடல் தண்டனை தருவதையும் அதன் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுத்திருக்கிறது. மக்தபில் ஓதப் போடும் பிள்ளைக்கும் இதே கவனம் தேவை. குர்ஆனை ஓதப் போகும் பிள்ளை அச்சத்தோடு போகலாமா?

5. விடைபெறுவதைச் சுருக்கமாக்குங்கள். முதல் நாள் வாசலில் முத்தமிட்டு, ஸலாம் சொல்லி, எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். பிள்ளை அழுதாலும் அதற்குத் தெரியாமல் ஒளிந்து செல்லாதீர்கள். அழைக்க வருவதாகச் சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னதாகவே போய் நில்லுங்கள். வாப்பா வருவதாகச் சொன்னால் வாப்பாவே வரவேண்டும்.

பிள்ளை அழுவதைக் கண்டு வெட்கப்படவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டபோது, தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தம் தொழுகையையே சுருக்கிக்கொண்டார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். பள்ளி தொடங்கிய புதிதில் சில பிள்ளைகள் படுக்கையை நனைப்பதும், மழலையாகப் பேசுவதும், காரணமின்றி அடம்பிடிப்பதும் உண்டு. கேலி செய்யாமல் அணைத்துக்கொண்டால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். பல வாரங்களாகியும் அழுகை ஓயாவிட்டாலோ, உணவும் உறக்கமும் குறைந்தாலோ ஆசிரியரைக் கண்டு பொறுமையாக விசாரியுங்கள். அங்கே ஏதேனும் நடந்திருக்கிறதா என்று பிள்ளையிடமும் அன்பாகக் கேளுங்கள்.

அன்புப் பெற்றோர்களே! கல்வியின் முதல் பாடத்தைப் பிள்ளை வகுப்பறையில் படிப்பதில்லை. நம் வாயிலிருந்தே படிக்கிறது. பொய் சொல்லக்கூடாது என்று பிற்காலத்தில் நாம் அதற்குச் சொல்லப்போகும் அறிவுரைக்கு, இன்று வாசலில் நாம் காப்பாற்றும் வாக்கே சாட்சி. அமானிதமாகக் கிடைத்த பிள்ளைகளை உண்மையைக் கொண்டு வளர்க்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.