கம்பிவழி வரும் வட்டு

கோப்பைப் பகிர்வது வேறு. வட்டையே பகிர்வது வேறு. இவ்வேற்றுமையை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

என்.எஃப்.எஸ். முறையில் சர்வரே கோப்புகளின் கணக்கைக் காக்கிறது. ஐஸ்கஸி அவ்வாறன்று. ‘இத்தனையாவது கட்டத்தைப் படி, இத்தனையாவது கட்டத்தில் எழுது’ என்னும் ஸ்கஸி கட்டளைகளே வலைப்பின்னல்வழி செல்கின்றன. வட்டைத் தரும் கணிப்பொறி டார்கெட், பெறுவது இனிஷியேட்டர். 2004-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3720 இதற்கு விதி வகுத்தது. லினக்ஸ் கெர்னலில் இதற்கான எல்.ஐ.ஓ. பகுதி 2011-இல் சேர்ந்தது.

நான் எடுத்துக்கொண்டது ராக்கி லினக்ஸ். சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8-இன் ஆதரவு 2021 இறுதியோடு நிற்கும் என்ற அறிவிப்புக்குப் பின், பயனாளர் சமூகம் கூடி உருவாக்கியது அது.

டார்கெட்சிஎல்ஐ என்னும் கருவியை நிறுவி, தனியே ஒதுக்கிய வட்டுப் பகுதிக்கு ‘பேக்ஸ்டோர்ஸ்’ என்பதன்கீழ் ஒரு பெயரிட்டேன். பிறகு ‘ஐக்யூஎன்’ எனத் தொடங்கும் டார்கெட் பெயர். அதில் ஆண்டு, மாதம், தலைகீழாகத் திருப்பிய இணைய முகவரிப் பெயர் ஆகியன வரும். முதலில் வேடிக்கையாக இருந்தது. முகவரிப் பெயர் நாளை வேறொருவர் கைக்குப் போகலாம் அல்லவா? ஆண்டும் மாதமும் சேர்ந்தால் அப்போதும் குழப்பமில்லை. அடுத்து வட்டை ‘லன்’ ஆக இணைத்து, ‘ஏசிஎல்’ பகுதியில் இனிஷியேட்டரின் பெயரை எழுதி, ஃபயர்வாலில் 3260 எண்ணுள்ள போர்ட்டைத் திறந்தேன். டார்கெட் சர்வீஸை நிலையாக இயக்கி வைக்கவும் மறவாதீர்கள். இல்லையேல் பொறியை அணைத்துப் போட்டதும் எல்லாம் மறைந்துவிடும்.

நான் செய்த பிழை, ஏசிஎல்-இல் இரண்டு பெயர்களை எழுதியதே. தோழன் ஒருவனும் நானும் எக்ஸ்எஃப்எஸ் அமைப்புள்ள அந்த ஒரே வட்டை இரு பொறிகளில் ஏற்றினோம். டார்கெட் தடுக்கவில்லை. நான் எழுதிய கோப்பு அவன் திரையில் வரவேயில்லை. மாலையில் கழற்றி மீண்டும் ஏற்றியபோது கோப்பமைப்பு சிதைந்திருந்தது. அவன் புராஜெக்ட் அறிக்கையின் இரண்டு அத்தியாயங்கள் அதில் இருந்தன. வேறு பிரதி இல்லை.

ஒரே மனையை இருவருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்த கதைதான். எந்தக் கட்டம் காலி என்ற கணக்கை ஒவ்வொரு பொறியும் தன் நினைவகத்தில் தனியே வைத்திருக்கிறது. ஒன்றன் எழுத்தின்மேல் மற்றொன்று எழுதுகிறது. டார்கெட்டுக்கோ அவை வெறும் எண்ணிட்ட கட்டங்கள். பலர் சேர்ந்து எழுத வேண்டுமாயின் என்.எஃப்.எஸ். போதும், வட்டேதான் வேண்டுமெனில் ஜிஎஃப்எஸ்2 போன்ற, பொறிகள் தமக்குள் பூட்டுப் போட்டுக்கொள்ளும் கோப்பமைப்பு தேவை.

இப்போது ஒரு டார்கெட்டுக்கு ஒரு பெயர் மட்டுமே எழுதுகிறேன். தோழன் அவ்விரு அத்தியாயங்களையும் மீண்டும் எழுதுகிறான். தட்டச்சில் பாதி என் பங்கு.